சிறையிலிருந்து வந்தவன் திருந்தப் பார்க்கும் கதை: ஊர் அவனை விடுமா?

கேள்வி: மலேசியத் தோட்டப் பட்டணம் ஒன்றில் நடக்கும் அவல நகைச்சுவைப் படத்துக்குக் கதை எழுதுகிறேன். கும்பலில் இருந்து சிறைக்குப் போனவன் ஊர் திரும்பி, திருந்தி வாழப் பார்க்கிறான். சிரிப்பு எங்கேயிருந்து வர வேண்டும்? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

ஊர்க்காரர்களிடமிருந்து வர வேண்டும் என்பேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். என் சித்தப்பா எட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு 2013-இல் வெளியே வந்தவர். இந்தப் பதிலை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேர் போடாத, ஊரு போட்டுக்க" என்றார். அதனால் ஊரைப் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் 1948-இல்தான் தொடங்குவார்கள். அந்த ஜூன் மாதம் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். உங்கள் கதைக்கு வேண்டியது அதற்கு ரொம்பப் பிந்திய காலம்: பால்மரத்தை (ரப்பரை) வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்ட காலம், தோட்டங்கள் கைமாறிய காலம், லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு சனங்கள் தாமான்கள் எனும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிவந்த காலம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன்தான். அப்படிக் காப்பாற்றப்பட்ட தோட்டங்கள் உண்டு. எங்கள் தாத்தா வேலை செய்த தோட்டம் அதில் சேரவில்லை.

தோட்டத்தில் இருந்தவரை ஒரு சண்டை வந்தால் தீர்த்து வைக்க ஆள் இருந்தது. வேலையை மேற்பார்க்கும் தண்டல் இருந்தார், கணக்கெழுதும் கிராணி இருந்தார், பெரிய விஷயமாக இருந்தால் கோயில் திடலில் கூட்டம் போடுவார்கள். தாமானுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டால் யாரிடம் போவது? அந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்தில் 'அண்ணன்' என்று ஒருவர் முளைத்தார். முதலில் பஞ்சாயத்து, அப்புறம் பாதுகாப்பு, அப்புறம் வசூல். பதினேழு, பதினெட்டு வயதில் வேலையில்லாமல் நின்ற பையன்கள் அவர் பின்னால் போனார்கள். என் சித்தப்பாவும் அப்படிப் போனவர்தான். கும்பல் எப்படி உண்டானது என்பதை நீங்கள் படத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் எழுதும்போது உங்கள் மனதில் இது இருக்க வேண்டும். திரும்பி வருகிறவனை ஊர் எப்படி நடத்துகிறது என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது.

2005-இல் அவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மளிகைக் கடை முதலாளியை வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள். முதலாளியின் இடது கைச் சுண்டுவிரல் போனது. சித்தப்பா வண்டி ஓட்டியவர். ஐந்து பேராகச் சேர்ந்துவிட்டால் அப்போதைய எங்கள் சட்டத்தில் அது கும்பல் கொள்ளை. கத்தி எடுத்தவன், வண்டி ஓட்டியவன் என்ற பேதம் கிடையாது. பன்னிரண்டு வருடத் தண்டனை, ஆறு பிரம்படி. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து எட்டு வருடத்தில் விட்டார்கள்.

தைப்பிங் சிறைக்கு அப்பாவும் நானும்தான் அழைக்கப் போனோம். 1879-இல் கட்டிய சிறை அது, இன்னும் அப்படியே நிற்கிறது. அந்த வருடம் எனக்கு எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதிப் பரீட்சை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். திரும்பும் வழியில் கோலகங்சாரில் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். அப்பா ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டினார், மீதியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் இருபது வெள்ளி நோட்டு வந்தது. சித்தப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, கள்ள நோட்டு. இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கேன், இது நம்ம கைல இருக்க வேணாம்" என்று கல்லாவில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த நோட்டு 2012 ஜூலையில்தான் மறுபடியும் புழக்கத்துக்கு வந்திருந்தது. அவர் உள்ளே போகும்போது கடைகளில் அப்படி ஒரு நோட்டு கிடையாது. கல்லாவில் இருந்தவர் அப்பாவோடு சண்டைக்கே வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் நாங்கள் மூன்று பேரும் காரில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு சுங்கை சிப்புட் வரும்வரை அப்பா பேசவே இல்லை.

உங்கள் படத்துக்கு வேண்டிய சிரிப்பு இந்த மாதிரிச் சிரிப்பு என்று நினைக்கிறேன். நல்லவனாக இருக்க அவன் எடுக்கும் முதல் முயற்சியே ஒரு தகராறில் போய் முடிகிறது. அதில் யார் மேலும் தப்பு இல்லை.

அவர் வந்த நேரமும் சரியில்லை. துப்பாக்கிச் சூட்டுச் செய்தி இல்லாத நாளே இல்லை என்று இருந்த வருடம் அது. விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்க வழிசெய்த 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் 2012-இல் காலாவதியாகி, அதில் அடைபட்டிருந்தவர்கள் வெளியே வந்திருந்தார்கள். அவர்களால்தான் இத்தனையும் என்று தெருவோர ஒட்டுக்கடை முழுக்கப் பேச்சு. ஆகஸ்டில் போலீஸ் 'ஓப்ஸ் சந்தாஸ்' நடவடிக்கையில் இறங்கியது. அந்த மாதக் கடைசியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதம் என்று பட்டியல் போட்டு அறிவித்தது. சித்தப்பாவின் கையில் பச்சை குத்தியிருந்த எண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தார். அப்புறம் ஈப்போவில் ஒரு பையனிடம் போய் அந்த எண்ணை மயில் இறகாக மாற்றிக்கொண்டு வந்தார். ஒரு சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் அந்த இறகை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் புது கேங்கா?" என்று கேட்டிருக்கிறார். முருகன் என்று சொல்லி நம்ப வைக்க அரைமணி நேரம் ஆனதாம்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காவலாளி வேலைக்குப் போலீஸ் பரிசோதனை உண்டு, அது நடக்காது. கடைசியில் குத்தகைக்காரர் ஒருவரிடம் செம்பனைக் குலை ஏற்றும் வேலை கிடைத்தது. ஒரு குலை இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை விழுந்துவிடும், அதனால் மழையானாலும் ஏற்றியாக வேண்டும். அந்த வருடம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று வந்தது. உங்கள் கதையில் வங்கிக் கொள்ளை, வைரம் என்றெல்லாம் வைக்காதீர்கள். எங்கள் ஊர்க் குற்றங்கள் சின்னவை. இரவோடு இரவாகக் குலை திருடி ஏற்றுவது, ஆடு திருடுவது, செம்புக் கம்பி அறுப்பது, கோயில் உண்டியலில் கைவைப்பது. சித்தப்பா சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு லோரி குலை காணாமல் போனது. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். குற்றம் சொல்லத்தான் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்தார். ஆனால் குத்தகைக்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்குத் தெரிஞ்ச பையனுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு, திரும்பக் கொண்டாந்து போட்டுருவானுங்க" என்று கெஞ்சினாராம்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். சிறையிலிருந்து வந்தவனை ஊர் வெறுத்து ஒதுக்கும் என்றுதான் எல்லாக் கதைகளும் சொல்கின்றன. நான் பார்த்தது வேறு. ஒதுக்கியிருந்தால்கூட சித்தப்பா சமாளித்திருப்பார். ஊருக்கு அவர் தேவைப்பட்டார், அதுவும் பழைய ஆளாகவே தேவைப்பட்டார். ஒட்டுக்கடையில் முதல் கேள்வியே "சிம்பாங் ரெங்காமா, தைப்பிங்கா?" என்பதுதான். ஏதோ கல்லூரி பேர் கேட்பது மாதிரி கேட்பார்கள். மகன் படிக்கவில்லை, ஒரு தடவை மிரட்டிவிட்டுப் போ என்று ஒரு அக்கா வந்தார். மருமகன் குடிக்கிறான், சும்மா கண்ணைக் காட்டு என்று ஒரு பாட்டி முறுக்கு கட்டிக்கொண்டு வந்தார். கோயில் நிர்வாகத் தேர்தலில் இரண்டு அணி. இரண்டு அணிக்காரர்களும் தனித்தனியே வீட்டுக்கு வந்து, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார்கள். அவர் கேட்டதெல்லாம் அன்னதானத்தில் பரிமாற ஓர் இடம். அதை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

எங்கள் வரிசையில் ஓர் அம்மா வீட்டு வாசலில் ஆலோங் எனும் வட்டிக்கடைக் கும்பலின் ஆட்கள் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள். கடன் வாங்கியவர் அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர், இந்த அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போலீசில் புகார் கொடுத்தார், மறுபடியும் சாயம். சித்தப்பாவிடம் வந்து, "தம்பி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்தா போதும்" என்று அழுதார். அவர் மூன்று நாள் மறுத்தார். நாலாம் நாள் போய் உட்கார்ந்தார். கையில் ஒரு கோப்பை கோப்பி, என் பரீட்சைக்கு நான் வைத்திருந்த சரித்திரப் புத்தகம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பையன்கள் வந்தார்கள், பார்த்தார்கள், இறங்கி "அண்ணே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் சாயம் வரவே இல்லை. அந்த அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் யாரோ எழுதிப் போட்ட புகாரின் பேரில் சித்தப்பாவைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். கும்பலை மறுபடியும் திரட்டுகிறார் என்று அதில் இருந்ததாம். காலையிலிருந்து மாலைவரை உட்கார வைத்தார்கள். தான் அங்கே வாசித்தது மலாக்கா சுல்தான்கள் பாடம் என்று விளக்கிக்கொண்டிருந்தாராம். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நல்லது செய்ததும் அதே பயத்தை வைத்துத்தானே என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒருவரை நீங்கள் மறந்துவிடக் கூடாது. பெருநகரத்துக் கதையில் பாதிக்கப்பட்டவர் எங்கேயோ இருப்பார். தோட்டப் பட்டணத்தில் அவர் பசாரில் தினமும் எதிரே வருவார். அந்த மளிகைக் கடை எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். சித்தப்பா உள்ளே இருந்தபோது எங்களுக்குக் கடனுக்கு அரிசி கொடுத்ததும் அதே முதலாளிதான். அந்தக் கடையைத் தாண்டாமல் இருக்க சித்தப்பா ஒரு வருடம் முழுக்கச் சுற்றுவழியில் போனார். யாராவது பேச்சை எடுத்தால், "நான் வெட்டல, வண்டிதான் ஓட்டுனேன்" என்பார்.

2014-இல் ஒருநாள் முதலாளி ஆள் அனுப்பினார். சித்தப்பா நன்றாக உடுத்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். முதலாளி அவரைப் பேச விடவில்லை. "மூணு மாசத்துல ரெண்டு தடவை கடையை ஒடைச்சிட்டானுங்க. நீ இங்க மூட்டை தூக்க வா. நீ நிக்கிறது தெரிஞ்சா எவனும் வர மாட்டான்" என்றார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அந்த விரல் இல்லாத கை.

சித்தப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதார். திட்டியிருக்கலாம், இரண்டு அறை விட்டிருக்கலாம் என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனார். இப்போதும் அங்கேதான் மூட்டை தூக்குகிறார். வண்டிதான் ஓட்டினேன் என்று அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் கேட்கவேண்டிய மன்னிப்பை இதுவரை கேட்டாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. மாலையில் கடை அடைக்கும் நேரத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கல்லா எண்ணுவார்கள். முதலாளி நான்கு விரலால் நோட்டை எண்ணித் தள்ளுவார், சித்தப்பா ரப்பர் போடுவார். இருபது வெள்ளி நோட்டு வந்தால் மட்டும் சித்தப்பா அதை விளக்கில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். முதலாளி ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார்.

முதலாளி வேடத்துக்கு நல்ல நடிகரைப் போடுங்கள். வசனம் குறைவாகக் கொடுங்கள்.