பாட்டையா ஏன் "வராதீங்க"ன்னு சொன்னார்?

கேள்வி: அக்கா, நான் தூத்துக்குடி பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபையில வாலிபர் சங்கச் செயலாளர். போன மாசம் மூத்தோர் ஞாயிறுன்னு வச்சு 75 வயசு தாண்டினவங்களுக்கு ஆராதனையில பொன்னாடை போத்தினோம். கோயிலுக்கு வர முடியாத 6 பேர் வீட்டுக்கு அன்னிக்கு சாயங்காலம் நாங்க 12 பேர் போய் பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து போட்டோ எடுத்துட்டு வந்தோம். எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு பாட்டையா மட்டும், ரொம்ப வருஷம் அசனக் கமிட்டியில (சபை முழுக்க சோறாக்கிப் போடுற கோயில் விருந்தை நடத்துற கமிட்டி) இருந்தவராம், கிளம்பும்போது "இனிமே வராதீங்கப்பா"ன்னுட்டார். பசங்களுக்கு மனசே விட்டுப்போச்சு. நாங்க என்ன தப்பு பண்ணோம்?

பதில்: தம்பி, அந்த பாட்டையா மேல கோவப்படாதீங்க. மத்த 5 பேர் வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டதை அவர் வெளிய சொல்லிட்டார்னுதான் எனக்குப் படுது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மத்தியானம் தூங்கி எந்திரிச்ச மனுஷன், பல்செட் டம்ளர்ல கிடக்குது, பழைய கைலி, அப்பப் பார்த்து சின்ன தார்சாவுல 12 பேர் செருப்பைக் கழட்டிட்டு திபுதிபுன்னு உள்ள வந்து கிட்டாரோட பாட்டை ஆரம்பிச்சா அவருக்கு எப்படி இருக்கும்? அதுலயும் காதுல மெஷின் வச்சிருந்தா பேச்சு, பாட்டு, ஃபேன் சத்தம் எல்லாத்தையும் சேர்த்துல்ல அது பெருசாக்கும், யார் என்ன சொன்னாங்கன்னே புரிஞ்சிருக்காது. இதுல மூஞ்சிக்கு நேரா பிளாஷ் வேற. அந்த போட்டோ இப்ப சபை வாட்ஸ்அப் குரூப்ல கிடக்குதுன்னா தயவுசெஞ்சு எடுத்துருங்க.

நானும் இதே கூத்தை அடிச்சவதான். பெண்கள் ஐக்கிய சங்கத்துல புதுசா சேர்ந்தப்போ, படுக்கையா இருந்த ஒரு ஆச்சி வீட்டுக்கு ஒன்பது பேர் போனோம். மூணு கீர்த்தனை, ஆளுக்கு ஒரு ஜெபம், ஒரு டஜன் ஆரஞ்சு, இருபது நிமிஷத்துல அடுத்த வீடு. ஆச்சி ஏதோ சொல்ல வந்தாங்க, நாங்க "ஆமா ஆச்சி, கர்த்தர் பாத்துக்குவார்"னு தலையாட்டிட்டு வந்துட்டோம். ஒரு வாரம் கழிச்சு மறந்து வச்சுட்டு வந்த பாட்டுப் புஸ்தகத்தை எடுக்க நான் மட்டும் போனேன். ஆச்சி கட்டிலுக்கு அடியில கை காட்டினாங்க, குனிஞ்சு பார்த்தா நாலு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலுலயும் கழுத்து வரைக்கும் அரிசி, வண்டு விழாம இருக்க மேல ரெண்டு ரெண்டு காஞ்ச மிளகாய். கைப்பிடி அரிசி! உங்க வயசுக்கு தெரியுமோ என்னவோ, உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்குன்னு ஒரு பிடி தனியா எடுத்து வச்சு கோயில்ல காணிக்கையா கொடுக்குறது (மிசோரம் சபைகள்ல 1910ல ஆரம்பிச்ச இந்த வழக்கம் இன்னிக்கும் ஜோரா நடக்குது, நம்ம பக்கம்தான் கவர்ல காசு போட்டு முடிச்சுக்கிறோம்). சமையல் மருமக கைக்குப் போய் வருஷக்கணக்காச்சு, ஆனாலும் தினம் காலையில பாட்டிலைப் பக்கத்துல கொண்டாரச் சொல்லி தன் கையாலதான் ஒரு பிடி போடுவாங்களாம். "நாலு மாசமா யாரும் வாங்க வரல, அன்னிக்கு நீங்க வந்தப்போ அதைத்தான் சொன்னேன், கேக்காமப் போயிட்டீங்க"ன்னாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கன்னு தெரியல.

நாங்க ஆரஞ்சு கொடுக்கப் போனோம், ஆச்சி அரிசி கொடுக்கக் காத்திருந்தாங்க. சபைக் கணக்குல நானும் ஒரு ஆள்னு இருக்கணும் அவங்களுக்கு, அம்புட்டுதான். பொன்னாடை எங்க அம்மா பெட்டியிலயே மூணு கிடக்குது, ஒரு நாள் கூட போத்திப் பார்த்ததில்ல.

அதனால சந்திப்பை விடாதீங்க, போற விதத்தை மாத்துங்க. ரெண்டு பேருக்கு மேல வேண்டாம், மாசாமாசம் அதே ரெண்டு பேர் போனாத்தான் பேச்சு வளரும். முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, அவங்களும் பல்லைப் போட்டு வேட்டி மாத்தி ரெடியா இருப்பாங்கல்ல. வெளிச்சம் உங்க மூஞ்சில விழுற மாதிரி எதிர்ல உக்காந்து நிதானமா பேசுங்க, காது கேக்காதவங்க வாயசைவைப் பார்த்தே பாதி புரிஞ்சுக்குவாங்க. ஸ்வீட் பாக்ஸை நிறுத்துங்க, பாதிப் பேருக்கு சுகர் இருக்கும். போன உடனே "பிள்ளைங்க எங்க, பார்க்க வர்றதில்லையா"ன்னு கேட்டுறாதீங்க, அது புண்ணு. யாருக்கு கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாங்க, யார் வீட்டுல ஞானஸ்நானம், ஐயரவாள் (நம்ம போதகர்தான்) இந்த வாரம் என்ன பிரசங்கம் பண்ணார், இதெல்லாம் சொல்லுங்க, அரை மணி நேரம் தானா ஓடும். பாடணும்னா எந்தப் பாட்டுன்னு அவங்களையே கேளுங்க. ஆள் பேரே மறந்துபோன சில பேர் பழைய கீர்த்தனைன்னா நாலு சரணமும் விடாம பாடுவாங்க, நீங்கதான் ரெண்டாவது சரணத்துல முழிப்பீங்க!

சங்க சந்தா, காணிக்கை கவர் எல்லாம் அவங்க கையில வாங்கி, மறக்காம ரசீது கொண்டுபோய்க் கொடுங்க. பத்தாவது பரீட்சை எழுதுற பிள்ளைங்க பேரை எழுதிக் கொடுத்து ஜெபிக்கச் சொல்லுங்க, ரிசல்ட் வந்ததும் பிள்ளைங்களையே கூட்டிட்டுப் போய் சொல்ல வைங்க. கடைசியா எப்ப ராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும் கொடுக்குற திருவிருந்து) எடுத்தீங்கன்னு கண்டிப்பா கேளுங்க, ரொம்ப நாளாச்சுன்னா சேகர ஐயாகிட்ட, அதான் உங்க வட்டார சபைகளைப் பார்த்துக்கிற போதகர்கிட்ட சொன்னா வீட்டுக்கே வந்து கொடுப்பார், அவர் காதுக்கு விஷயம் போகாமலே சில நேரம் வருஷம் ஓடிடும். ஆதி சபையில கிரேக்க பாஷை பேசுன விதவைகளுக்கு தினசரி பந்தியில விட்டுப்போச்சுன்னு முறுமுறுப்பு வந்து, அதுக்குன்னே ஏழு பேரைத் தெரிஞ்செடுத்தாங்கன்னு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்துல இருக்கே, அப்பவே இந்தப் பிரச்சினைதான்.

இன்னொண்ணு, படுக்கைப் புண்ணு, நேரத்துக்கு சாப்பாடு இல்லாதது மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா வீட்டுக்காரங்களோட சண்டைக்கு நிக்காம ஐயாகிட்ட சொல்லுங்க, நிலைமை மோசம்னா முதியோர் ஹெல்ப்லைன் 14567 இருக்கு.

இப்ப உங்க பாட்டையாவுக்கு வருவோம். வர்ற சனிக்கிழமை நீங்க மட்டும் போங்க. பாட்டு, ஜெபம், பழம் ஒண்ணும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். "பாட்டையா, இந்த வருஷம் அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி போடணும், அதுக்கு எத்தனை கிடா, மசாலா என்ன கணக்கு, எங்க யாருக்கும் தெரியல"ன்னு கேளுங்க. முதல்ல திட்டுவார், போன வருஷம் சோறு குழைஞ்சதுல இருந்து ஆரம்பிப்பார். எழுதிக்கிட்டே இருங்க.