கேப்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்ததற்குப் பிறகு எனக்கு வரும் கடிதங்களில் பாதி, விமானத்தை விட்டுவிட்டு விமானத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பற்றியே கேட்கின்றன. சேர்த்து வைத்திருந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் ஹேங்கரில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், விமானம் ஓட்டியவன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: துணை விமானி சக்கரத்தை மடக்குவதற்குப் பதில் ஃபிளாப்பை மடக்கிவிட்டார் என்று ஒரு விமானியே யூடியூபில் விளக்கினார். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவே நம்பியது. பிறகு அது இல்லை என்றார்கள். யாரைத்தான் நம்புவது? (திருச்சி வாசகி)

2025 ஜூன் 12 அன்று அந்த போயிங் 787 விழுந்த சில மணி நேரத்திலேயே இந்த விளக்கம் ஊரெல்லாம் சுற்றியது. ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி, விமானம் மேலெழ உதவும் தகடு. கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது: மங்கலான காணொளியில் சக்கரம் இறங்கியபடி இருக்கிறது, இறக்கையில் ஃபிளாப் சரியாகத் தெரியவில்லை, விமானம் ஏற முடியாமல் தவிக்கிறது. ஜூலை 12 அன்று வெளியான அரசு விசாரணையின் முதற்கட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. சிதைவுகளில் ஃபிளாப் நெம்புகோல் 5 டிகிரியில், அதாவது புறப்பாட்டுக்கு வழக்கமான இடத்திலேயே இருந்தது. தரையை விட்டெழுந்த சில விநாடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் ‘ரன்’ (எரிபொருள் போகும்) நிலையிலிருந்து ‘கட்ஆஃப்’ (எரிபொருளை நிறுத்தும்) நிலைக்குப் போனதாகப் பதிவாகியிருந்தது. சுமார் பத்து விநாடி கழித்து முதல் சுவிட்சும், இன்னும் நான்கு விநாடியில் அடுத்ததும் ‘ரன்’னுக்குத் திரும்பியிருக்கின்றன. அதற்குள் உயரம் போய்விட்டது.

ஃபிளாப் என்று சொன்ன எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பெருங்கூட்டம் பின்தொடரும் அமெரிக்க விமானி ஒருவரும் முதலில் அதைத்தான் சொன்னார். சில நாளில் தெளிவான காணொளி கிடைத்தது. விமானத்தின் அடிவயிற்றில் ஒரு சிறு காற்றாடி வெளியே வந்திருப்பது அதில் தெரிந்தது, அதன் இரைச்சலும் கேட்டது. ராம் ஏர் டர்பைன் என்பார்கள். மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் போகிற நிலையில் தானாக இறங்கும் கடைசித் துணை. அதைப் பார்த்ததும் அவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, இரண்டு எஞ்சினும் சக்தி இழந்திருக்க வேண்டும் என்று புதுக் காணொளி போட்டார். காற்றாடி இறங்கியதை அறிக்கையும் உறுதி செய்தது. இப்படிப்பட்டவரை நான் தொடர்ந்து பார்ப்பேன். பழைய காணொளியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று வருகிறவர் பக்கம் போக மாட்டேன்.

கேள்வி: நான் யூடியூபில் பார்ப்பவர் இருபது வருடம் விமானம் ஓட்டிய கேப்டன். நானோ வங்கி ஊழியன். அவர் சொல்வதைச் சந்தேகப்பட எனக்கு என்ன தகுதி? (சேலம் வாசகர்)

தாராளமாகச் சந்தேகப்படலாம். எந்த விமானத்தின் கேப்டன் என்று கேளுங்கள். ஒவ்வொரு ரக ஜெட்டுக்கும் விமானி தனியாகப் பயிற்சி பெற்று ‘டைப் ரேட்டிங்’ வாங்க வேண்டும். ஏர்பஸ் 320-லேயே காலம் தள்ளியவருக்கு 787-இன் மின்னமைப்பைப் பற்றித் தெரிந்திருப்பது, நம் குடும்ப டாக்டருக்கு மூளை அறுவை பற்றித் தெரிந்திருக்கும் அளவுதான். எங்கள் ஆட்களுக்கும் இதே கதைதான். எஞ்சின் பக்கம் உரிமம் வாங்கியவர் சிக்கலான ஏவியானிக்ஸ் (விமானத்தின் மின்னணுச் சாதனங்கள்) வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் டீக்கடையில் இரண்டையும் பேசுவார், நான் உட்பட.

‘விமானத்துறை வல்லுநர்’ என்று மட்டும் பெயருக்குக் கீழே போட்டு, எங்கே என்ன வேலை பார்த்தார் என்று சொல்லாதவரை அப்படியே கடந்துவிடுங்கள். சிமுலேட்டர் விளையாட்டில் எடுத்த காட்சியை நிஜக் காணொளியாகக் காட்டுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

கேள்வி: சிலர் விமானங்களின் சிக்னலைப் பின்தொடரும் ஃபிளைட்ரேடார் தளத்தின் எண்களையே காட்டிப் பேசுகிறார்கள். எண் பொய் சொல்லுமா? (பினாங்கு வாசகர்)

எண் பொய் சொல்லாது, படிக்கிறவர் தப்பாகப் படிப்பார். அகமதாபாத்திலேயே நடந்தது. விமானம் ஓடுபாதையின் நடுவிலிருந்து புறப்பட்டது, நீளம் போதவில்லை என்று வரைபடத்தோடு வந்தார்கள். தரையில் ஓடும் விமானத்தின் சிக்னல் எல்லா இடத்திலும் அந்தத் தளத்தின் ரிசீவருக்குக் கிடைப்பதில்லை. வரைபடத்தில் இருந்தது வெறும் இடைவெளி. விமானம் ஓடுபாதையின் முனைவரை போய்த் திரும்பி, முழு நீளத்தையும் பயன்படுத்தியது என்று ஃபிளைட்ரேடாரே பிறகு தெளிவுபடுத்தியது.

கடைசியாகப் பதிவான 625 அடி என்ற உயரமும் அப்படித்தான். விமானம் அனுப்பும் அந்த எண் ஒரு பொதுவான காற்றழுத்த அளவை அடிப்படையாக வைத்தது. அன்றைய அழுத்தத்தையும் ஊரின் உயரத்தையும் கழிக்காமல் ‘தரையிலிருந்து 625 அடி’ என்று சொல்பவர் முதல் பாடத்தையே தாண்டவில்லை.

கேள்வி: உயிர் பிழைத்த ஒரே பயணி 11ஏ இருக்கையில் இருந்தார். அதுதான் பாதுகாப்பான இருக்கை என்கிறார்களே? (மதுரை வாசகி)

இல்லை. வேறொரு விமானத்தில் 11ஏ இறக்கைக்கு மேலே இருக்கும், இன்னொன்றில் முன்னால் இருக்கும். அந்த இருக்கைக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அரசு அறிக்கை எப்படியும் மூடி மறைக்கும், வெளியாள் சொல்வதே உண்மை என்கிறார் என் மைத்துனர். (கோவை வாசகர்)

மைத்துனரின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த முதற்கட்ட அறிக்கையில், ஏன் கட்ஆஃப் செய்தாய் என்று ஒரு விமானி கேட்டதாகவும், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னதாகவும் இருக்கிறது. யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்பது இல்லை, சொன்ன சொற்களும் அப்படியே தரப்படவில்லை. அந்த ஒற்றை வரியை வைத்து ஒரு தரப்பு விமானியைக் குற்றவாளி ஆக்கியது.

மறுதரப்பு, அதே அறிக்கையில் வரும் 2018-ஆம் ஆண்டு அமெரிக்க விமானத்துறை அறிவிப்பைப் பிடித்துக்கொண்டது. 787-இலும் உள்ள அதே மாதிரியான எரிபொருள் சுவிட்சின் பூட்டு, சில போயிங் 737 விமானங்களில் சரியாகப் பொருந்தாமல் இருந்ததாகவும், சோதிப்பது நல்லது என்றும் சொன்ன அறிவிப்பு அது. ஏர் இந்தியா அதைச் சோதிக்கவில்லை என்பதும் அறிக்கையில் உண்டு. இங்கே என் தொழில் பேச வேண்டும். எங்களுக்கு வரும் காகிதங்களில் ‘செய்தே ஆக வேண்டும்’ என்பது ஒன்று, ‘செய்தால் நல்லது’ என்பது இன்னொன்று. இது இரண்டாவது வகை. செய்யாதது விதிமீறல் ஆகாது. அந்தச் சுவிட்சுகள் இருக்கும் த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தொகுதி 2019-இலும் 2023-இலும் மாற்றப்பட்டது, 2023-க்குப் பிறகு அந்தச் சுவிட்சில் பழுது பதிவாகவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதைச் சொல்லாமல் முன்பாதியை மட்டும் வாசித்துக் காட்டிய காணொளிகள் எத்தனையோ. நம்பத் தகுந்தவர் தன் கட்சிக்குப் பாதகமான வரியையும் வாசிப்பார்.

சர்வதேச விதிப்படி முதற்கட்ட அறிக்கை முப்பது நாளில் வர வேண்டும். அதில் காரணம் இருக்காது, கண்டதும் பதிவானதும்தான் இருக்கும். அதை வைத்து ‘மறைத்துவிட்டார்கள்’ என்பவருக்கு நடைமுறை தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியாள் சரியாகச் சொன்னதும் உண்டு. கோழிக்கோடு ஓடுபாதையில், மழையில், பின்காற்றோடு இறங்குவது ஆபத்து என்று சென்னையைச் சேர்ந்த கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-இலேயே எழுத்தில் எச்சரித்தார். 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில், பின்காற்றில் இறங்கிய விமானம் அங்கே ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். இடம், சூழ்நிலை, காரணம் எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். விபத்துக்கு மறுநாள் வந்து ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்கிறவரிடம் மைத்துனர் அப்படி முன்பே எழுதிய கடிதம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: நான் பார்க்கும் சேனல்காரர், தான் சொல்லும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் ஒரு வருடத்தில் என் மகன் ஏர்லைன் பைலட் என்கிறார். பணம் கட்டலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பொறுங்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தேர்வுகளும் எழுத வேண்டும். அதற்கு மேல் டைப் ரேட்டிங் தனிச் செலவு, வேலை கிடைப்பது தனிக் கதை. முதலில் மகனை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதில் தேறாவிட்டால் கட்டிய பணம் போனதுதான். பள்ளிக்கு விமானத்துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் அனுமதி இருக்கிறதா என்று அவர்களின் பட்டியலில் நீங்களே பாருங்கள். அப்புறம் நேரில் போய், எத்தனை விமானம் பறக்கும் நிலையில் நிற்கிறது என்று எண்ணுங்கள். எஞ்சின் கழற்றிய நிலையில் மூலையில் நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.