ரெடிஸ் கற்கத் தொடங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். எனக்கு மைஎஸ்கியூஎல் மட்டும்தான் தெரியும். ரெடிஸ் கற்றுக்கொண்டால் அதை விட்டுவிடலாமா?

வேண்டாம். பெரும்பாலான இடங்களில் இரண்டும் சேர்ந்துதான் ஓடுகின்றன. ரெடிஸும் ஒரு டேட்டாபேஸ்தான்; தரவை ரேமில் வைத்திருப்பதால் வேகம் கிடைக்கிறது. ஆனால் டேபிள் இல்லை, ஜாயின் இல்லை. 'போன மாதம் யாரெல்லாம் ஆர்டர் போட்டார்கள்' என்று கேட்டால் தானாகத் தேடித் தராது; கீயை, அதாவது தரவுக்கு நீங்கள் வைத்த பெயரைச் சொன்னால் அதற்குரிய வேல்யூவைத் தரும். சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-ல் இதை வெளியிட்டதற்குக் காரணமே, வலைத்தளப் பார்வைகளை உடனுக்குடன் கணக்கிடும் தன் சேவைக்கு வழக்கமான டேட்டாபேஸின் வேகம் போதாமல் போனதுதான். இழக்கக் கூடாத தரவு மைஎஸ்கியூஎல்லிலேயே இருக்கட்டும். அடிக்கடி கேட்கப்படுவதை ரெடிஸில் வையுங்கள்.

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் எப்படி நிறுவுவது?

டாக்கர் இருந்தால் அதுவே சுலபம், இல்லையென்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி). நிறுவியதும் ரெடிஸ்-சிஎல்ஐ (ரெடிஸுக்குக் கட்டளை அடிக்கும் கருவி) திறந்து 'பிங்' என்று அடியுங்கள். 'பாங்' வந்தால் சரி.

கேள்வி: அக்கா, பயனரின் பெயர், மின்னஞ்சல், வயது எல்லாவற்றையும் ஜேசனாக்கி ஒரே ஸ்ட்ரிங்கில் போட்டு வைத்திருக்கிறேன். வேலை செய்கிறது. இதில் என்ன தப்பு?

தப்பு என்று சொல்ல மாட்டேன், தம்பி. மொத்தமாக எழுதி மொத்தமாக எடுப்பதாக இருந்தால் ஸ்ட்ரிங் போதும். ஆனால் வயதை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் முழு ஜேசனையும் எடுத்து, பிரித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டியிருக்கும். அதே நேரத்தில் இன்னொரு ப்ராசஸ் மின்னஞ்சலைத் திருத்தினால் இருவரில் ஒருவர் எழுதியது காணாமல் போகும். ஹாஷ் என்பது ஒரே கீக்குள் பல ஃபீல்டுகளைத் தனித்தனியாக வைக்கும் வகை; அதில் வைத்தால் அந்த ஒரு ஃபீல்டை மட்டும் 'ஹெச்செட்' மூலம் மாற்றலாம்.

ரெடிஸின் உண்மையான பலம் இந்தத் தரவு வகைகளில்தான் இருக்கிறது. புதியவர்கள் பலர் 'செட்', 'கெட்' இரண்டோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். எண்ணிக்கை வைக்க 'இன்கர்' இருக்கிறது. மதிப்பை எடுத்து, உங்கள் கோடில் ஒன்று கூட்டி, திரும்ப எழுதினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வரும்போது கணக்கு குறையும்; 'இன்கர்' அதை ஒரே அடியில் முடித்துவிடும். விளையாட்டு மதிப்பெண் பட்டியலுக்கு சார்ட்டட் செட் இருக்கிறது: 'இசட்-ஆட்' போட்டு மதிப்பெண்ணைச் சேர்த்தால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும், முதல் பத்துப் பேரை ஒரே கட்டளையில் வாங்கலாம். திரும்பத் திரும்ப வராத பெயர்கள் வேண்டுமா, செட். எப்படிக் கேட்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதிப் பார்த்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடுமா?

எல்லாம் அழியாது, ஆனால் கொஞ்சம் போகலாம். எவ்வளவு போகலாம் என்பது நீங்கள் வைக்கும் அமைப்பைப் பொறுத்தது. ஆர்டிபி என்பது குறிப்பிட்ட இடைவெளிகளில் முழுத் தரவையும் டிஸ்கில் படமெடுத்து வைப்பது. கடைசிப் படத்துக்குப் பிறகு எழுதியவை போய்விடும். ஏஓஎஃப் என்பது தரவை மாற்றும் ஒவ்வொரு கட்டளையையும் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவது. அதில் 'எவ்ரிசெக்' என்று வைத்தால், விபத்து நேர்ந்தாலும் பொதுவாக ஒரு விநாடி அளவுக்கான தரவுதான் போகும். ரெடிஸோடு வரும் இயல்பான அமைப்பில் ஏஓஎஃப் அணைந்திருக்கும். வேண்டுமென்றால் நீங்கள்தான் இயக்க வேண்டும். கேஷ் (வேறிடத்தில் இருக்கும் தரவின் தற்காலிக நகல்) மட்டும்தான் வைக்கிறீர்கள் என்றால் இது எதுவுமே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: ஓடிபி வைத்திருக்கும் கீக்கு 300 விநாடி ஆயுள் கொடுத்தேன். அப்புறம் அதே கீயில் புது ஓடிபி எழுதினேன். இப்போது அது அழியவே மாட்டேன் என்கிறது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 'செட்' கட்டளை பழைய மதிப்போடு பழைய ஆயுளையும் சேர்த்து அழித்துவிடும். அதனால் எழுதும்போதே 'ஈஎக்ஸ் 300' என்று கூடவே கொடுங்கள். 'செட்' தனியாக, 'எக்ஸ்பயர்' தனியாக என்று இரண்டு கட்டளையாகப் பிரித்தால் நடுவில் உங்கள் புரோகிராம் நின்றுபோனாலும் இதே கதிதான். பழைய ஆயுளே தொடர வேண்டும் என்றால், 6.0 பதிப்பிலிருந்து 'கீப்-டிடிஎல்' இருக்கிறது. ஓடிபிக்கு அது வேண்டாம், புது எண்ணுக்குப் புது ஆயுள்தான் சரி. சந்தேகம் வந்தால் 'டிடிஎல்' கட்டளையில் பாருங்கள்: -1 வந்தால் ஆயுளே வைக்கப்படவில்லை, -2 வந்தால் அப்படி ஒரு கீ இல்லை.

கேள்வி: ஆயுள் வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? மெமரி நிறைந்தால் பழையதைத் தானே தூக்கிவிடாதா?

நீங்கள் சொன்னால்தான் தூக்கும். 64 பிட் கணினியில் இயல்பாக உச்சவரம்பே கிடையாது, ரேம் தீரும்வரை வளரும். 'மேக்ஸ்மெமரி' என்று அளவு மட்டும் கொடுத்தால், நிறைந்தபின் புதிதாக எழுத வரும் கட்டளைகளுக்குப் பிழை வரும், ஏனென்றால் இயல்பான கொள்கை 'நோ-எவிக்ஷன்'. கேஷாகப் பயன்படுத்தினால் 'ஆல்கீஸ்-எல்ஆர்யூ' வையுங்கள். நீண்ட நேரம் தொடாதவற்றை நீக்கி இடம் தரும். லாகின் செஷனும் கேஷும் ஒரே ரெடிஸில் இருந்தால் செஷனும் சேர்ந்து போகலாம் என்பதை மறக்காதீர்கள். நான் அவற்றைத் தனித்தனியாகவே வைக்கச் சொல்வேன்.

கேள்வி: எல்லா கீயையும் பார்க்க 'கீஸ்' கட்டளை அடித்ததும் தளமே சில நொடி நின்றது. ஏன்?

ரெடிஸ் கட்டளைகளை ஒரே த்ரெட்டில் வரிசையாக இயக்குகிறது. லட்சக்கணக்கான கீகளை அது புரட்டி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். 'ஸ்கேன்' பயன்படுத்துங்கள். 0-வில் தொடங்கி, அது தரும் கர்சரைத் திரும்பக் கொடுத்துக்கொண்டே போங்கள். மறுபடி 0 வந்தால் முடிந்தது. ஒரே கீ இருமுறை வரலாம், அதை உங்கள் கோடில் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வால்கீ என்றும் ஒன்று இருக்கிறதே, எதைக் கற்பது?

2024 மார்ச்சில் ரெடிஸின் உரிமம் மாறியபோது, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் பிரிந்து வந்தது வால்கீ. அடிப்படைக் கட்டளைகள் ஒன்றேதான். எதில் பழகினாலும் மற்றதில் கைவரும்.

கேள்வி: நண்பர்கள் இணைய வேண்டும் என்று சர்வரில் ரெடிஸின் 6379 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டேன். பரவாயில்லையா?

இன்றே மூடுங்கள். திறந்து கிடக்கும் ரெடிஸைத் தேடி அலையும் புரோகிராம்கள் இணையத்தில் நிறைய உண்டு. தரவை அழிப்பதோடு நிற்காமல், அதன் வழியாக சர்வரையே கைப்பற்றுகிறார்கள். உள் நெட்வொர்க்கில் மட்டும் கேட்கும்படி 'பைண்ட்' அமைத்து, பாஸ்வேர்டும் வையுங்கள். நண்பர்கள் எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாக வரட்டும்.

கேள்வி: பழக ஒரு பயிற்சி சொல்லுங்கள், அக்கா.

உங்களிடம் இருக்கும் ஏதாவது சின்னத் தளத்தில், மெதுவாக வரும் ஒரு பக்கத்தின் விடையை 60 விநாடிக்கு ரெடிஸில் வையுங்கள். கீ இருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் டேட்டாபேஸில் எடுத்து எழுதிவிட்டுக் கொடுங்கள். அப்புறம் உங்கள் சொந்தக் கணினியில் மட்டும், ரெடிஸில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் 'ஃப்ளஷ்ஆல்' அடித்துப் பாருங்கள். பக்கம் கொஞ்சம் மெதுவாக, ஆனால் சரியாக வந்தால் கேஷை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். பிழை வந்தால், ரெடிஸை மட்டுமே நம்பி எதையோ வைத்திருக்கிறீர்கள். அதைக் கண்டுபிடித்து டேட்டாபேஸுக்கு மாற்றுங்கள்.