பரணில் ஒரு போர்தோ: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். ஒயின் வாங்கும்போது லேபிளில் ஆண்டைப் பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதில்தான் எனக்குச் சந்தேகம். எங்கள் வேலையே வருடத்துக்கு வருடம் சரக்கு மாறாமல் பார்த்துக்கொள்வது. போன வருடக் கூழுக்கும் இந்த வருடக் கூழுக்கும் வித்தியாசம் தெரிந்தால் வாங்குகிறவர் சும்மா விடமாட்டார். ஒயின்காரர்கள் அந்த மாற்றத்தையே பெருமையாக லேபிளில் போட்டு, விலையும் ஏற்றுகிறார்களே, இது வியாபாரத் தந்திரம்தானே?

இன்னொன்று. எங்களிடம் கூழ் வாங்கும் ஐரோப்பியர் ஒருவர், பிரான்சின் போர்தோ பகுதியில் செய்த 2013 சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் பரிசளித்தார். பழசாகப் பழசாக நல்லது என்கிறார்கள். அம்மா கண்ணில் படாமல் பரணில் வைத்திருக்கிறேன். இன்னும் பத்து வருடம் வைக்கலாமா?

ச., கிருஷ்ணகிரி

அன்புள்ள ச.,

முதலில் அதைப் பரணிலிருந்து இறக்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி உங்கள் கூழ் மாதிரிதான் தயாராகிறது. போன தடவை வாங்கியது போலவே இந்தத் தடவையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரான்சின் நுரை ஒயினான ஷாம்பெயினிலேயே பாருங்கள். பெரும்பாலான பாட்டில்களில் ஆண்டே இருக்காது. பழைய வருடங்களின் ஒயினை இருப்பு வைத்து, புதியதோடு கலந்து, தங்கள் சுவை மாறாமல் காப்பாற்றுகிறார்கள். உங்கள் ஆட்களை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரே நாளில் வேலையைப் பிடித்துக்கொள்வார்கள். பருவம் நன்றாக அமைந்த வருடத்தில் மட்டும் அந்த வருடப் பழத்தைத் தனியாக எடுத்து, ஆண்டு போட்டு விற்பார்கள். சாதாரண ஷாம்பெயின் 15 மாதத்தில் வெளியே வரலாம்; ஆண்டு போட்டது குறைந்தது 3 வருடம் நிலவறையில் கிடக்க வேண்டும். போர்ச்சுகல்லின் போர்ட் என்ற இனிப்பு ஒயினில் இன்னும் கெடுபிடி. 2011, 2016, 2017 போன்ற ஆண்டுகளில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் 'விண்டேஜ்', அதாவது ஆண்டு போட்டு விற்கத் தகுந்த வருடம், என்று அறிவித்தன.

லேபிளில் இருப்பது பழம் பறித்த ஆண்டு, பாட்டிலில் அடைத்த ஆண்டு கிடையாது. ஐரோப்பியச் சட்டப்படி குறைந்தது 85 சதவீதமாவது அந்த ஆண்டின் பழமாக இருக்க வேண்டும்.

சரி, ஏன் அது முக்கியம்? தோத்தாபுரிக் கூழுக்கு நீங்கள் 14 பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) எதிர்பார்ப்பீர்கள். நல்ல சிவப்பு ஒயினுக்கான திராட்சை பறிக்கும்போது 22லிருந்து 25 வரை நிற்க வேண்டும். அந்தச் சர்க்கரைதான் சாராயமாக மாறுகிறது. புளிப்பும் துவர்ப்பும் மணமும்கூடப் பழத்திலிருந்தே வர வேண்டும். போர்தோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. ஏப்ரலில் துளிர் விடும் நேரத்தில் உறைபனி விழுந்தால் துளிர் கருகிவிடும். 2017ல் பல தோட்டங்களில் அப்படித்தான் ஆனது. ஜூனில் பூக்கும்போது குளிரும் மழையுமாக இருந்தால் பிஞ்சு நிற்காது. தை மாசியில் மாம்பூவுக்கு மேல் மழை பெய்தால் நம்மூர்த் தோட்டக்காரர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். செப்டம்பரில் பழுக்கும் நேரத்து மழை எல்லாவற்றையும்விட மோசம். பழம் நீர் கோத்து, தோல் வெடித்து, அழுக ஆரம்பிக்கும். முழுசாகப் பழுப்பதற்குள் பறித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் இதைக் கணக்காகவே போட்டார். குளிர்காலத்தில் எவ்வளவு மழை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எவ்வளவு வெப்பம், அறுவடை நேரத்தில் எவ்வளவு மழை. இந்த மூன்றையும் ஒயினின் வயதையும் வைத்து, வாயில் ஒரு சொட்டு வைக்காமலேயே, எந்த வருடத்துப் போர்தோ பின்னாளில் என்ன விலை போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்றார். ஒயின் விமர்சகர்களுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா, சுவைத்துச் சொல்வதுதானே அவர்கள் பிழைப்பு?

ஆனால் 'இந்த வருடம் நல்லது, அந்த வருடம் மோசம்' என்று மதிப்பெண் போட்டு ஒரு அட்டவணை சுற்றுகிறதே, அதை முழுதாக நம்பாதீர்கள். ஒரே போர்தோவில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் ஒரு கதை. வலது கரையில் மெர்லோ என்ற திராட்சை அதிகம், அது சீக்கிரம் பழுக்கும். இடது கரையில் கேபர்னே சோவின்யோன் என்ற வகை அதிகம், அது தாமதம். 1998ல் பெருமழைக்கு முன்பே மெர்லோவைப் பறித்துவிட்டார்கள். வலது கரையில் பொமரோல் பகுதி ஒயின்கள் பிரமாதமாக வந்தன, இடது கரை அந்த உயரத்துக்கு வரவில்லை. 1996ல் அப்படியே தலைகீழ். அட்டவணையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போட்டால் அதை வைத்து என்ன செய்வது?

உங்கள் 2013ம் இப்படித்தான். குளிர்ந்த வசந்தம், பூ சரியாகப் பிடிக்கவில்லை, விளைச்சல் பல வருடங்களில் காணாத அளவுக்குக் குறைவு, பறிக்கும் நேரத்தில் ஈரமும் அழுகலும். சிவப்பு ஒயினுக்கு மோசமான ஆண்டு என்று பெயர் வாங்கிவிட்டது. அதே ஈரம் பக்கத்தில் சோத்தெர்ன் பகுதிக்கு வரமாக அமைந்தது. அங்கே பழத்தின் மேல் ஒருவகைப் பூஞ்சை படர்ந்து, நீரை வற்றவைத்து, சர்க்கரையைத் திரட்டிக் கொடுத்தால்தான் அந்த இனிப்பு ஒயினே உண்டு. 2013ல் அது நன்றாகவே அமைந்தது. அதற்கு முந்தைய 2012ல் அங்கே பெரிய பெயரான ஷத்தோ திக்கெம், பழம் சரியில்லை என்று, தங்கள் பெயரில் இனிப்பு ஒயின் ஒரு பாட்டில்கூட வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த ஒயினின் ஒரு வருட வருமானத்தையே விட்டார்கள். இதையும் தந்திரம் என்பீர்களா?

தந்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. போர்தோவில் பெரிய ஒயின்களைப் பீப்பாயில் இருக்கும்போதே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 'நூற்றாண்டின் சிறந்த வருடம்' என்று அப்போது கிளம்பும் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை. 2009 அப்படி, உடனே 2010ம் அப்படி. இரண்டும் நல்ல வருடங்கள்தான், ஆனால் விலை போன உயரத்துக்கு வானிலை மட்டும் காரணமில்லை. நல்ல தயாரிப்பாளரின் சுமாரான வருடத்தைக் குறைந்த விலைக்கு வாங்குவதுதான் என் வழக்கம். சீக்கிரம் பதமாகிவிடும், காத்திருக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் நாக்கில் தெரியுமா என்றால், தெரியும். ஐரோப்பா வெந்துபோன 2003ல் பல ஒயின்களில் புளிப்பு குறைந்து, சாராயம் தூக்கலாகி, பழம் வெந்த மணம் வந்தது. குளிர்ந்த வருடத்துக் கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும். ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஒயினை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கி, நண்பர்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். பெங்களூர் உங்களுக்கு எட்டும் தூரம்தான். (போனால் திரும்பும்போது வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.) ஆனால் நந்தி மலை அடிவாரத்து ஒயினிலோ நாசிக் ஒயினிலோ போர்தோ அளவுக்கு ஏற்ற இறக்கம் எதிர்பார்க்க வேண்டாம். இங்கே மழை ஓய்ந்த பிறகு கவாத்து செய்து, ஜனவரியை ஒட்டிய வறண்ட மாதங்களில் பறிக்கிறார்கள். பருவம் தப்பிய மழை வந்தால் தவிரப் பெரிய ஆபத்தில்லை. நம் வெள்ளை ஒயினில் ஆண்டைப் பார்ப்பது வேறு காரணத்துக்கு: புதுசா என்று தெரிந்துகொள்ள. ஏசி இல்லாத கடையில் மூன்று நான்கு வருடம் நின்ற சோவின்யோன் பிளாங்கைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இப்போது பரண். ஒயின் வருடக்கணக்கில் இருக்க 12, 13 டிகிரி வேண்டும், ஏற்ற இறக்கமில்லாமல். கிருஷ்ணகிரியில் சித்திரை மாதம், காங்கிரீட் தளத்துக்கு ஒட்டி இருக்கும் பரணில் என்ன சூடு இருக்கும்? பெயர் பெற்ற 1982 போர்தோவை வைத்தாலும் வீணாகிவிடும். அதிலும் 2013 மெலிந்த வருடம். பத்து வருடம் தாங்கும் துவர்ப்பை அதில் எதிர்பார்க்க முடியாது. இறக்கியதும் கார்க்கைப் பாருங்கள். பாட்டில் விளிம்புக்கு மேலே எழும்பியிருந்தாலோ, மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தாலோ, சூடு உள்ளே வேலையைக் காட்டியிருக்கலாம். இல்லையென்றால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, இந்த மாதமே திறந்து குடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அதற்கு என்னிடம் வழியில்லை.

லேபிளில் இடது கரையா வலது கரையா, தயாரிப்பாளர் யார் என்று பார்த்து, எப்படி இருந்தது என்று எழுதுங்கள். குடைமிளகாய் வாசம் வந்ததா என்பதையும் சேர்த்து.