மாரத்தானுக்கு 15 நாள் முன்பு ரிலே ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. முதல் முழு மாரத்தானுக்காக ஐந்து மாதமாகப் பயிற்சி எடுத்துவருகிறேன். போட்டிக்குச் சரியாக 15 நாள் முன்பு எங்கள் ஓட்டக் குழு ஒரு பகல், ஒரு இரவு நடக்கும் ரிலேயில் கலந்துகொள்கிறது. 12 பேர், ஆளுக்கு மூன்று முறை ஓட வேண்டும். ஒருவர் காலில் அடிபட்டு விலகிவிட்டதால் என்னைக் கூப்பிடுகிறார்கள். என் பங்கு மொத்தமே 26 கிலோமீட்டர்தான். போன வாரம் ஒரே ஓட்டத்தில் 32 ஓடினேன். நிதானமாக ஓடினால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். மறுத்தால் நண்பர்கள் வருத்தப்படுவார்களே என்றும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்த ரிலேயை விட்டுவிடுங்கள். மாரத்தானுக்கு முன்னால் ரிலேயே கூடாது என்று சொல்லவில்லை. ஜப்பானிய எகிடென் பாணியில் 42.195 கிலோமீட்டரை ஆறு பேர் பிரித்து ஓடும் போட்டியாக இருந்து, உங்களுக்கு 5 கிலோமீட்டர் வந்திருந்தால், தாராளமாகப் போய் வாருங்கள் என்றிருப்பேன். அப்படி ஒரு சின்ன வேக ஓட்டம் கால்களுக்கு நல்லதும்கூட. உங்களைக் கூப்பிட்டிருப்பது அதற்கு இல்லையே.

32 ஓடிய எனக்கு 26 என்ன பெரிய விஷயம் என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்த 32 ஒரே மூச்சில் முடிந்தது. உடம்பு சூடானது, ஒரே வேகத்தில் ஓடினீர்கள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தீர்கள். இங்கே ஓடி முடித்ததும் வியர்வையில் நனைந்த சட்டையோடு குழுவோடு கூடவே வரும் வண்டியில் ஏறி, அடுத்த முறை வரும்வரை முழங்காலை மடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். நடுராத்திரியில் யாரோ தட்டி எழுப்புவார்கள். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, இறுகிப்போன கால்களோடு இருட்டில் ஓட வேண்டும். விடிந்த பிறகு மறுபடியும் ஒருமுறை.

அப்புறம், நிதானமாக ஓடுவேன் என்கிறீர்கள். உங்களை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ரிலேயில் அது நடக்காது. தனியாக ஓடும்போது மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம், யாருக்கும் நஷ்டமில்லை. ரிலேயில் நூறு மீட்டர் முன்னால் வேறு குழுக்காரர் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். கைமாற்றும் இடத்தில் உங்கள் ஆள் கையை நீட்டியபடி நிற்பார், மற்றவர்கள் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். பதினொரு பேருடைய உழைப்பு நம் காலில் இருக்கிறது என்ற நினைப்பே விரட்டிவிடும். நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். நண்பர்கள் வருத்தத்தை நினைத்துக் கடிதம் எழுதிய நீங்கள் அந்த ரகம்தான்.

பாதையில் இறக்கம் இருந்தால் இன்னும் மோசம். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் அதன் இழைகள் நுண்ணிய அளவில் சேதமாகும். வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும், தசையின் பலம் முழுசாகத் திரும்ப அதைவிட அதிக நாள் ஆகும். மாரத்தானில் 30 கிலோமீட்டருக்கு மேல் உங்களைத் தாங்கப்போவதும் அதே தொடைதான். இன்னொன்று, கடைசி இரண்டு வாரத்தில் செய்யும் கடும் பயிற்சியின் பலன் போட்டி நாளுக்குள் உடம்பில் சேராது, களைப்பு மட்டும் சேரும். அதனால்தான் அந்த நாட்களில் ஓடும் தூரத்தை வழக்கத்தைவிட 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கச் சொல்கிறார்கள். போதாததற்கு ஒரு ராத்திரித் தூக்கமும் போகும்.

நண்பர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று முக்கியம்: கேப்டனுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். 'பார்க்கலாம்' என்று இழுத்தால்தான் அவருக்குச் சங்கடம். சீக்கிரம் தெரிந்தால் வேறு ஆள் தேடலாம், அல்லது உங்கள் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம். ஆள் தேட நீங்களும் உதவுங்கள். ஆனால் மறுத்த குற்ற உணர்ச்சியில் 'ராத்திரி வண்டி ஓட்டுகிறேன்' என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் அவர்கள் ஓடி முடிக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். அந்த வார இறுதிக்கு உங்களுக்கு 16 கிலோமீட்டர் போதும், அதில் கடைசி 4 மட்டும் மாரத்தான் வேகத்தில்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு கேட்கவில்லை, போகத்தான் போகிறேன் என்றால், இருப்பதிலேயே குறைவான தூரமும் சமதளமும் உள்ள பங்கைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஓடி முடித்ததும் பத்து நிமிடம் நடந்து, உடை மாற்றி, ஏதாவது சாப்பிட்ட பிறகே வண்டியில் ஏறுங்கள். வீடு திரும்பி மூன்று நாள் ஓட்டமே வேண்டாம். நான்காம் நாள் காலையில் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். தொடை வலித்தால், அந்த வலி போகும்வரை நடை மட்டும்.