வீட்டுக் கணினிக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ் போடலாம்?

நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் நொடியிலேயே அதைச் சோதித்து, கெட்டதென்று தெரிந்தால் தடுத்து நிறுத்தும் மென்பொருள்தான் ஆன்டிவைரஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து பாருங்கள். பச்சை டிக் தெரிந்தால் காவல் நடக்கிறது.

சரி, வெளியிலிருந்து ஒன்றைப் போடவேண்டும் என்றால், அதை இலவசமாகத் தருகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் 'காசு கட்டுங்கள்' என்று அடிக்கடி எட்டிப்பார்க்கும் அறிவிப்புகள்தான். சில சமயம் அதைவிட மோசம். பயனர்கள் இணையத்தில் எங்கெல்லாம் போனார்கள் என்ற தகவலை விற்றதாக அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டிய அமெரிக்க வர்த்தக ஆணையம், 2024-இல் அதை 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. வாசலில் நிறுத்திய காவலாளியே வீட்டு நடமாட்டத்தை அடுத்தவருக்குச் சொல்வது மாதிரி அது.

அப்புறம், இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுப்பதால் கணினிதான் திணறும், அதனால்தான் வேறொன்று வந்ததும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது.