பந்து எத்தனை முறை கைக்கு வந்தது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளியில் விளையாட்டுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. 36 பிள்ளைகள், 4 பந்துகள், வாரத்துக்கு இரண்டு பீரியட். வட்டமாக நிற்க வைத்து, பந்து பட்டவர் வெளியேறும் விளையாட்டை ஆடவிடுகிறேன். ஒரே கூச்சல், கும்மாளம். ஆனால் வருஷம் முடியப்போகிறது, எறியவோ பிடிக்கவோ யாருக்கும் புதிதாக வந்ததாகத் தெரியவில்லை. 'விளையாட்டு வழியாகக் கற்றுக்கொடுங்கள்' என்றுதானே பயிற்சியில் சொன்னார்கள்? எங்கே தவறு?

பதில்: டீச்சர், இதே விளையாட்டை நானும் பல வருஷம் ஓட்டியவன். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு முறை எனக்குக் கால் சுளுக்கிவிட்டது. வேறொருவர் என் வகுப்பை நடத்த, நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொழுது போகவில்லை. ஒரே ஒரு பெண்ணை மட்டும் கவனித்து, அவள் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டேன். 35 நிமிடத்தில் இரண்டு கோடு. மூன்றாவதும் போட்டிருக்கலாம், ஆனால் உருண்டு வந்த பந்தை அவள் காலால்தான் நிறுத்தினாள். அதைச் சேர்க்க மனசு வரவில்லை. மீதி நேரமெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாளும் நான் அதை 'ஒழுங்காக நடக்கும் வகுப்பு' என்று நம்பியிருந்தேன்.

முதலில் வெளியேறுவது யார் என்று பாருங்கள். மெதுவாக நகர்கிறவர்கள், பந்து வருவதைக் கணிக்கத் தெரியாதவர்கள். பயிற்சி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களைத்தான் இந்த விளையாட்டு முதலில் உட்கார வைக்கிறது. கடைசிவரை ஆடுகிறவனுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. விதியை மாற்றுங்கள். பந்து பட்டவர் வெளியே வந்து, சுவரில் ஐந்து தடவை எறிந்து பிடித்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம். இந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் கணக்கு தலைகீழாகும்.

பந்து நான்குதான் என்கிறீர்கள். எழுதி முடித்த நோட்டுத் தாள்களைக் கசக்கி உருட்டி, மேலே டேப் சுற்றுங்கள். ஆளுக்கு ஒன்று, 36 பந்து. தரையில் நடுவே ஒரு கோடு கிழித்து, பக்கத்துக்கு 18 பேர். விசில் ஊதியதும் தங்கள் பக்கம் கிடப்பதையெல்லாம் எதிர்ப் பக்கம் எறிய வேண்டும். ஒரு நிமிடம் கழித்து விசில். எந்தப் பக்கம் குறைவாகக் கிடக்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. நான் இதை 'குப்பை உன் பக்கம்' என்று சொல்வேன். ஒரு சுற்றில் ஒரு பிள்ளை பத்துத் தடவையாவது எறிந்துவிடும். நான்கைந்து சுற்று ஆடினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யாரும் வெளியே இல்லை. எண்ணி முடிப்பதற்குள் அடுத்த சுற்றுக்கு நச்சரிப்பார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

இந்த விளையாட்டை எறிதலுக்கு நான் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்தில் ஒரு சின்ன இலக்கை வைத்து 'குறி பார்த்து எறி' என்றால், சின்னப் பிள்ளைகள் உடம்பைச் சுருக்கி, முழங்கையை மட்டும் நீட்டித் தட்டுவார்கள். 'எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசு' என்று சொல்லிப் பாருங்கள். கை பின்னால் போகும், இடுப்பு திரும்பும், கால் முன்னே வரும். முதலில் வேகமும் தூரமும் வரட்டும். குறி அப்புறம்.

அப்போது நீங்கள் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று: எதிர்க்கால். வலது கையால் எறிபவருக்கு இடது கால் முன்னே வர வேண்டும். அந்தக் காலில் ஒரு ரிப்பன் கட்டிவிட்டு, 'ரிப்பன் கால் முன்னே' என்று மட்டும் சொல்லுங்கள். கை, தோள், இடுப்பு, பார்வை என்று ஒரே மூச்சில் ஐந்து விஷயம் சொன்னால் பிள்ளை அசையாமல் நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கால் சரியானதும் கோட்டிலிருந்து இரண்டடி பின்னே நின்று எறியச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடுகிறான். தினமும் கிரிக்கெட் பந்தால் பழக்குகிறேன். பயம் தெளிய மாட்டேன் என்கிறது.

பதில்: ஐயா, முதலில் அந்தப் பந்தை எங்காவது ஒளித்து வையுங்கள்.

முகத்தைத் திருப்புவது பிடிக்கப் பழகும் பிள்ளைகளில் பலரும் கடந்து போகும் ஒரு கட்டம். கோழைத்தனம் இல்லை. கெட்டியான பந்து ஒரு முறை மூக்கில் பட்டால் அந்தக் கட்டம் நீண்டுவிடும், அவ்வளவுதான். ஒரு பலூன் ஊதுங்கள். அது மெதுவாக இறங்குவதால், கண் அதைத் தொடர்ந்து போய் கையை அழைத்து வர நேரம் கிடைக்கிறது. பலூன் தரையைத் தொடக்கூடாது என்று வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து ஆடுங்கள். பிறகு மெல்லிய துணி, அதன் பிறகு ஸ்பாஞ்சுப் பந்து. அதையும் நேராக எறியாமல், ஒரு முறை தரையில் குதித்து எழுந்து வரும்படி போடுங்கள். இரண்டு மீட்டர் தூரம், கீழ்க்கை வீச்சு. (அப்பாக்கள் 'மெதுவாகத்தான் போட்டேன்' என்பதை நான் நம்புவதில்லை.)

பெரிய பந்து சுலபம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பெரிய பந்தைப் பிள்ளைகள் கையால் பிடிப்பதில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள். பயம் போகும்வரை அதுவும் சரிதான். போனபிறகு, அவன் உள்ளங்கையில் அடங்கும் மெத்துப் பந்துக்கு மாறுங்கள்.

'பந்தைப் பார், பந்தைப் பார்' என்று கத்துவதில் பயனில்லை. பந்தில் பெரிதாக ஓர் எண்ணை எழுதுங்கள். இரண்டு மூன்று பந்துகளில் வெவ்வேறு எண். பிடிப்பதற்கு முன் எண்ணைச் சொன்னால் இரண்டு புள்ளி, பிடித்தால் ஒரு புள்ளி. எண்ணுக்குத்தான் அதிகப் புள்ளி என்பதைக் கவனியுங்கள். அவன் எண்ணைப் படிக்கிற மும்முரத்தில் முகம் தானாக நேரே நிற்கும்.

கேள்வி: ஓடுவதும் எறிவதும் வயதானால் தானாக வரும். இதற்கு எதற்கு வகுப்பு, பாடம்?

பதில்: ஓட்டம் ஓரளவு தானாக வரும். நல்ல எறிதல் வராது. முழங்கையால் மட்டும் எறிகிற பெரியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவர்களுக்கும் வயது ஆகத்தான் செய்தது. அமெரிக்க ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட் 1980இல் இதை ஒரு தடைச்சுவராகச் சொன்னார்: அடிப்படை அசைவுகள் சரியாக வராத பிள்ளைக்கு, பின்னால் வரும் விளையாட்டுகளுக்குள் நுழைவது கஷ்டம். பந்து பிடிக்க வராதவன் கூடைப்பந்துக்கு எப்படிப் போவான்? 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆடவே தெரியாத பிள்ளை அந்த 60 நிமிடத்தை எதை வைத்து நிரப்பும்?

கேள்வி: பேத்திக்கு 6 வயது. பள்ளியில் 'ஸ்கிப்' செய்யத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கயிறு வாங்கிக் கொடுத்தேன். அது இல்லையாமே?

பதில்: கயிறு வீணாகாது, வைத்திருங்கள் அம்மா. நமக்கு ஸ்கிப்பிங் என்றாலே கயிறுதான் நினைவுக்கு வரும். அவர்கள் சொல்வது வேறு. வலது காலால் ஓர் அடி, அதே காலில் ஒரு சின்னத் தத்து, பிறகு இடது காலால் ஓர் அடி, அதே காலில் ஒரு தத்து. சந்தோஷமாக இருக்கும் பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் போவார்களே, அதுதான்.

இது எளிதாகத் தோன்றும், ஆனால் பல பிள்ளைகளுக்கு ஆறு வயதை ஒட்டித்தான் கைகூடும். சிலருக்கு அதற்கும் பிறகு. பேத்தி இரண்டு கால்களிலும் தனித்தனியாக நொண்டியடிக்கிறாளா என்று முதலில் பாருங்கள். ஒரு கால் மட்டும் வந்தால், வராத காலுக்குக் கொஞ்ச நாள் கூடுதல் விளையாட்டு. இரண்டும் வந்தால், அவள் கையைப் பிடித்து 'அடி–தத்து, அடி–தத்து' என்று சொல்லிக்கொண்டே மெதுவாக நடங்கள். ஆரம்பத்தில் ஒரு கால் துள்ளும், மற்றது சும்மா ஓடும். அப்படியே விடுங்கள், அடுத்த காலும் பின்னால் வந்து சேரும். உங்களுக்கு முழங்கால் வலி இருந்தால் நடந்தபடி தாளம் மட்டும் போடுங்கள், துள்ளுவது அவள் வேலை.

கேள்வி: கயிற்றைத் தாண்டும் விளையாட்டில் சிலர் சுலபமாகத் தாண்டுகிறார்கள், சிலர் கிட்டேயே வரமாட்டேன் என்கிறார்கள். உயரத்தை யாருக்காக வைப்பது?

பதில்: கயிற்றைச் சாய்த்துக் கட்டுங்கள். ஒரு முனை தரையில், மறுமுனை இடுப்பு உயரத்தில். எங்கே தாண்டுவது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தானே முடிவு செய்யும். மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் தந்த உதாரணம் இது. இரண்டாவது நாளே பயந்த பிள்ளை நாலு விரற்கடை மேலே நகர்ந்திருக்கும். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். இறங்கும்போது முழங்கால் மடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். சத்தமில்லாமல் இறங்குபவருக்குப் பூனைப் பட்டம் கொடுப்பேன் நான். உயரத்துக்குப் பட்டம் எதுவும் கிடையாது. கயிறு கால் பட்டால் நழுவி விழும்படி இருக்கட்டும், இறுக்கிக் கட்ட வேண்டாம்.

கேள்வி: உடற்கல்விக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். யார் முதலில் ஓடி வந்தாரோ அவருக்கு முழு மதிப்பெண், சரிதானே?

பதில்: சரியில்லை. முதலில் வருகிறவன் பெரும்பாலும் வகுப்பிலேயே உயரமானவன். உயரத்துக்கா மதிப்பெண் போடுவீர்கள்?

டேல் உல்ரிச் உருவாக்கி 1985இல் வெளிவந்த ஓர் அசைவுத் திறன் சோதனை உண்டு. 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கானது. அது பிள்ளை எப்படிச் செய்கிறது என்பதைப் பார்க்கிறது. ஓட்டம் என்றால்: முழங்கை மடங்கி, கைகள் கால்களுக்கு எதிராக வீசுகின்றனவா? ஒரு கணமாவது இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்புகின்றனவா? இருந்தால் 1, இல்லையென்றால் 0. அந்தச் சோதனையை முழுதாக நடத்த உங்களுக்கு நேரம் இருக்காது. இரண்டு மூன்று அடையாளங்களை எடுத்துக்கொண்டு, ஒரு வகுப்புக்கு நான்கு பிள்ளைகள் வீதம், அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே குறியுங்கள். வரிசையில் நிற்க வைத்துச் சோதிக்க ஆரம்பித்தால் மறுபடி எல்லோரும் நாடாவைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

கேள்வி: அவுட் ஆனா எதுக்கு உட்காரணும்? (இரண்டாம் வகுப்பு வாசகர், அம்மா உதவியுடன்)

பதில்: உட்கார வேண்டாம், கண்ணு. இந்தப் பக்கத்தை உங்கள் டீச்சரிடம் காட்டு.